ஜெபம் வெறும் வழக்கமாகிப் போனவர்களுக்கு: ஆண்டவரோடு நெருங்கிப் பழக ஒரு முழு வழிகாட்டி

ஞாயிறு ஆராதனை தவறுவதில்லை. சாயங்காலம் வீட்டில் குடும்ப ஜெபம் உண்டு. புது வருஷ இரவு ஆராதனையில் கிடைத்த வாக்குத்தத்த அட்டை பீரோ கண்ணாடியில் ஒட்டியிருக்கிறது. காலையில் போனைத் திறந்தால் வாட்ஸ்அப்பில் முதலில் வருவதே வசனம்தான். இத்தனை இருந்தும் உள்ளுக்குள் ஒரு வெறுமை. வாய் ஜெபிக்கும்போதே மனது மின்சார பில்லைக் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கும். இந்த நிலையில் இருப்பவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். நேற்று விசுவாசத்துக்கு வந்தவர்களை விட, ஞாயிறு பள்ளியிலிருந்தே சபையில் வளர்ந்தவர்களுக்குத்தான் இது அதிகம் வருகிறது.

காரணம் எளிமையானதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. நாம் ஆண்டவரிடம் பேசுவதில் முக்கால்வாசி மனு. மகனுக்கு வேலை, மகளுக்கு வரன், அப்பாவுக்கு சுகர் குறைய வேண்டும், வீட்டு லோன் கிடைக்க வேண்டும். கேட்பதில் தப்பில்லை, பரமண்டல ஜெபத்திலேயே அன்றன்றுள்ள அப்பத்தைக் கேட்கச் சொல்லியிருக்கிறார். ஆனால் வாராவாரம் மனு கொடுக்கப் போவதால் தாசில்தாரோடு யாருக்கும் உறவு வளர்வதில்லை. மனுவைத் தாண்டி அவரோடு இருக்கப் பழகுவதுதான் இந்த வழிகாட்டியின் வேலை. கத்தோலிக்கர், சி.எஸ்.ஐ., லுத்தரன், பெந்தெகொஸ்தே யாராக இருந்தாலும் இதைச் செய்யலாம். புதிதாக எதுவும் வாங்க வேண்டாம். ஒரு வேதாகமம், ஒரு நாற்பது பக்க நோட்டு, ஒரு பேனா போதும்.

முதல் படி: நேரமும் இடமும்

பதினைந்து நிமிஷம். அதற்கு மேல் ஆரம்பத்தில் வேண்டாம். கூட்டத்தில் ஒரு பிரசங்கம் கேட்ட வேகத்தில் "நாளையிலிருந்து ஒரு மணி நேரம்" என்று தீர்மானம் எடுப்பவர்கள் பெரும்பாலும் இரண்டாவது வாரம் விட்டுவிடுவார்கள்.

மாற்கு முதல் அதிகாரத்தில், இயேசு இருட்டோடே எழுந்து வனாந்தரமான ஓரிடத்துக்குப் போய் ஜெபித்தார் என்று வருகிறது. அதற்கு முந்தின சாயங்காலம் என்ன நடந்தது என்பதையும் சேர்த்து வாசியுங்கள். பட்டணத்தார் எல்லாரும் வாசலில் கூடிவந்திருந்தார்கள், அநேகரைச் சுகமாக்கினார். காலையில் சீமோன் தேடிக்கொண்டு வந்து "உம்மை எல்லாரும் தேடுகிறார்கள்" என்கிறான். வேலை இல்லாததால் அவர் தனிமைக்குப் போகவில்லை, வேலை வாசலில் நிற்கும்போதே போனார்.

அதற்காக நாலு மணிக்கு எழுந்தால்தான் ஆண்டவர் கேட்பார் என்று நினைக்க வேண்டாம். நைட் டியூட்டி முடித்து வரும் நர்ஸுக்குக் காலை எட்டு மணிதான் ராத்திரி. உங்கள் நாளில் எந்தப் பதினைந்து நிமிஷம் ஓரளவு கலையாமல் கிடைக்குமோ அதுதான் உங்களுக்கு அதிகாலை. மாணவர்களுக்கு அது கல்லூரி பஸ்ஸாகக்கூட இருக்கலாம்.

தனி அறை இல்லையே என்பவர்கள் உண்டு. ஒற்றை அறை வீட்டில், மாமியார், இரண்டு பிள்ளைகள், ஓடிக்கொண்டிருக்கும் டிவி. பதினெட்டாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் சூசன்னா வெஸ்லி என்ற அம்மா இருந்தார். மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லியின் தாய். 19 பிள்ளைகள் பெற்றவர், தப்பி வளர்ந்தவர்கள் 10 பேர். இரைச்சல் நடுவே ஏப்ரனைத் தூக்கித் தலையில் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிடுவார், அம்மா ஜெபிக்கிறார் என்று பிள்ளைகள் புரிந்துகொண்டு ஒதுங்குவார்கள் என்று சொல்வார்கள். நம் வீடுகளில் சேலை முந்தானை அந்த வேலையைச் செய்யும். மொட்டை மாடி, கிணற்றடி, ஆள் வராத நேரத்துக் கோயில் எதுவும் சரிதான். ஒரே ஒரு கண்டிஷன், போன் வேறு அறையில் இருக்க வேண்டும். போனில்தான் வேதாகமம் இருக்கிறது என்பது உண்மைதான், ஆனால் அதே போனில்தான் மற்ற எல்லாமும் இருக்கிறது.

இரண்டாவது படி: கொஞ்சமாக வாசியுங்கள்

"வருஷத்தில் ஒருமுறை முழு வேதாகமம்" திட்டத்தை இப்போதைக்கு ஓரமாக வையுங்கள். அது நல்ல திட்டம்தான், ஆனால் வறண்டு போயிருப்பவருக்கு ஏற்ற மருந்து அல்ல. நாளுக்கு மூன்று அதிகாரம் முடிக்க வேண்டும் என்ற அவசரத்தில் கண் ஓடும், மனது நிற்காது.

மாற்கு சுவிசேஷத்தில் தொடங்குங்கள். நான்கு சுவிசேஷங்களில் அதுதான் சிறியது, மொத்தம் 16 அதிகாரம். ஒரு நாளைக்கு ஒரே ஒரு சம்பவம். பழைய துறவிகள் இப்படி நிதானமாக வாசிப்பதை லெக்சியோ திவினா என்பார்கள். பன்னிரண்டாம் நூற்றாண்டில் இரண்டாம் கீகோ என்ற கார்த்தூசியத் துறவி இதை ஏணியின் நான்கு படிகளாக எழுதி வைத்தார்: வாசிப்பது, தியானிப்பது, ஜெபிப்பது, கடைசியில் சும்மா அவர் முன் இருப்பது.

எப்படிச் செய்வது என்று ஒரு பகுதியை எடுத்தே பார்க்கலாம். மாற்கு 10:46 முதல் 52 வரை, பர்திமேயு.

வாய்விட்டு ஒருமுறை வாசியுங்கள். எரிகோவை விட்டு இயேசு புறப்படுகிறார், கூடவே பெரிய கூட்டம், வழியோரம் ஒரு குருட்டுப் பிச்சைக்காரன். இரண்டாம் முறை மெதுவாக வாசித்து, எங்கே மனது நிற்கிறதோ அங்கேயே நின்றுவிடுங்கள். ஒருவருக்கு "பேசாதிருக்கும்படி அநேகர் அவனை அதட்டினார்கள்" என்ற இடம் உறைக்கும். ஆண்டவரை நோக்கிக் கூப்பிடும்போது அடக்குகிறவர்கள் அவரோடு நடந்துவரும் கூட்டத்திலேயே இருக்கிறார்கள். சபையில் காயப்பட்டவர்களுக்கு இந்த வரி நன்றாகவே புரியும். இன்னொருவருக்கு "இயேசு நின்று" என்ற இரண்டு வார்த்தை போதும். எருசலேமுக்கு, சிலுவைக்குப் போய்க்கொண்டிருக்கிறவர் ஒரு பிச்சைக்காரனின் சத்தத்துக்கு நிற்கிறார். வேறொருவர் கண்ணில் அந்த மேல்வஸ்திரம் படும். அவனிடம் வேறு சொத்து இருந்ததாக வேதம் சொல்லவில்லை. அதை எறிந்துவிட்டு எழுந்து வருகிறான், பார்வை வரும் என்று தெரிவதற்கு முன்பே.

அடுத்து இயேசு கேட்கிறார்: "நான் உனக்கு என்ன செய்யவேண்டுமென்றிருக்கிறாய்?" குருடனிடம் இது என்ன கேள்வி என்று தோன்றும். கொஞ்சம் மேலே போய் அதே அதிகாரத்தின் 36-ம் வசனத்தைப் பாருங்கள். யாக்கோபிடமும் யோவானிடமும் ஏறக்குறைய இதே கேள்வியைத்தான் கேட்டார். அவர்கள் கேட்டது வலப்பக்கமும் இடப்பக்கமும் நாற்காலி. பர்திமேயு கேட்டது பார்வை. மாற்கு இந்த இரண்டையும் அடுத்தடுத்து வைத்தது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை. அன்றைய உங்கள் ஜெபமும் இங்கேயே கிடைத்துவிடுகிறது. அந்தக் கேள்வியை ஆண்டவர் உங்களைப் பார்த்துக் கேட்பதாக வைத்துக்கொண்டு, முதலில் வாயில் வருகிற பதிலை நோட்டில் எழுதுங்கள். பிறகு கொஞ்சம் பொறுத்து, அதற்கடியில் இருக்கிற பதிலையும் எழுதுங்கள். "பிரமோஷன் வேண்டும்" என்று எழுதிய கை அடுத்த வரியில் "யாராவது என்னை மதிக்க வேண்டும்" என்று எழுதக்கூடும். பேச வேண்டியது அந்த இரண்டாவது வரியைப் பற்றித்தான்.

வாக்குத்தத்த வசனங்களைப் பற்றியும் இங்கேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். எரேமியா 29:11 இல்லாத கிறிஸ்தவ வீடு அபூர்வம். "அவைகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே" என்ற வசனம். அதற்கு முந்தின வசனத்தையும் அட்டையில் அச்சிட்டால் எத்தனை பேர் வாங்குவார்கள் என்று யோசிப்பேன். பாபிலோனில் எழுபது வருஷம் நிறைவேறின பின்புதான் அது என்று அங்கே இருக்கிறது. சிறைப்பட்டுப் போனவர்களில் பலர் திரும்பி வருவதைப் பார்க்க உயிரோடு இருந்திருக்க மாட்டார்கள். அவர்களிடம்தான் வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், இருக்கிற பட்டணத்தின் சமாதானத்துக்காக ஜெபியுங்கள் என்று எரேமியா அவர்களுக்கு எழுதிய அதே கடிதம் சொல்கிறது. முழு அதிகாரத்தோடு வாசித்தால் அந்த வாக்குறுதிக்குக் கனம் கூடுகிறது, சீக்கிரம் உடைந்தும் போகாது.

மூன்றாவது படி: சும்மா இருப்பது

வாசித்து ஜெபித்த பின் இரண்டு மூன்று நிமிஷம் ஒன்றும் சொல்லாமல் இருங்கள். எளிதாகத் தோன்றும், செய்து பார்த்தால்தான் கஷ்டம் தெரியும். நமக்கு ஸ்தோத்திரம் சொல்லியே பழக்கம், அமைதி வந்தால் ஏதோ விட்டுப்போனது போல இருக்கும்.

மனது ஓடத்தான் செய்யும். பிடித்து நிறுத்த கிழக்கத்தியத் திருச்சபைகளில் ஒரு சின்ன ஜெபம் உண்டு, இயேசு ஜெபம் என்பார்கள்: "கர்த்தராகிய இயேசு கிறிஸ்துவே, தேவனுடைய குமாரனே, பாவியாகிய என்மேல் இரங்கும்." பர்திமேயுவின் கூப்பிடுதலும், லூக்கா 18-ல் மார்பில் அடித்துக்கொண்ட ஆயக்காரனின் ஜெபமும் இதில் சேர்ந்திருக்கின்றன. மூச்சை இழுக்கும்போது முதல் பாதி, விடும்போது மறு பாதி. மந்திரம் போல எண்ணிக்கை வைக்க வேண்டாம். சிதறிப் போகும் மனதைத் திரும்பக் கூட்டிவரத்தான் இது.

நான்காவது படி: கோபத்தையும் கொண்டுவாருங்கள்

என்னைக் கேட்டால் நம் சபைகளில் அதிகம் விடுபட்டுப்போன படி இதுதான். துக்க வீட்டுக்குப் போய்கூட "எல்லாவற்றிலும் ஸ்தோத்திரம் சொல்லுங்கள் அக்கா" என்று சொல்லிவிட்டு வருகிறோம். சங்கீதங்களைத் திறந்தால் கதை வேறு. 150 சங்கீதங்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு புலம்பல்.

13-ம் சங்கீதத்தை எடுங்கள், ஆறே வசனம். "கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்" என்று ஆரம்பிக்கிறது. முதல் இரண்டு வசனங்களுக்குள் "எதுவரைக்கும்" நான்கு முறை வந்துவிடும். யாரும் தாவீதின் வாயை அடைக்கவில்லை, அதையே ஆலயப் பாட்டாக வைத்திருக்கிறார்கள். மூன்றாம் வசனத்தில் கேட்கிறார், எனக்குச் செவிகொடுத்தருளும், என் கண்களைத் தெளிவாக்கும் என்று. ஐந்தாம் வசனத்தில்தான் "நான் உம்முடைய கிருபையின்மேல் நம்பிக்கையாயிருக்கிறேன்" வருகிறது. முறையீடு, வேண்டுதல், நம்பிக்கை, இந்த வரிசை முக்கியம். நாம் முதலிரண்டையும் தாண்டி மூன்றாவதற்குக் குதித்துவிடுகிறோம்.

வாரத்தில் ஒரு நாள் உங்கள் சொந்த 13-ம் சங்கீதத்தை நோட்டில் எழுதுங்கள். "எதுவரைக்கும்" என்று தொடங்கி நாலு வரி. எதுவரைக்கும் இந்த வீட்டில் குழந்தை இல்லை என்ற பேச்சைக் கேட்பது. எதுவரைக்கும் அவர் குடித்துவிட்டு வருவார். மரியாதைக் குறைவாக இருக்கிறதே என்று பயப்பட வேண்டாம். பிறகு என்ன வேண்டும் என்று இரண்டு வரி. நம்பிக்கை வரி அன்று வரவில்லையா, பேனாவை மூடி வையுங்கள். 88-ம் சங்கீதம் கடைசி வரை ஆறுதல் வரி இல்லாமலே முடிகிறது, அதுவும் வேதத்தில்தான் இருக்கிறது.

ஐந்தாவது படி: படுக்கும் முன் பத்து நிமிஷம்

வீரமாமுனிவர் சேர்ந்திருந்த இயேசு சபையைத் தொடங்கியவர் லொயோலா இஞ்ஞாசியார். சபைக்கு அங்கீகாரம் கிடைத்தது 1540-ல். அவர் பழக்கிவிட்ட ஒரு தினசரி ஆராய்வு இன்றும் அந்தச் சபையினரிடம் இருக்கிறது. புராட்டஸ்டண்ட்காரர்கள் தயங்க வேண்டியதில்லை, இதில் உபதேசச் சண்டைக்கு எதுவும் இல்லை.

முதலில் நன்றி, அதுவும் பொதுவாக இல்லாமல் குறிப்பாக: மதியம் பஸ்ஸில் எழுந்து இடம் கொடுத்த பையன், பக்கத்து வீட்டிலிருந்து வந்த மீன் குழம்பு. அடுத்து, இந்த நாளை உம் கண்ணால் காட்டும் என்று ஒரு வார்த்தை. பிறகு காலையிலிருந்து மணி மணியாக ஓட்டிப் பாருங்கள். எங்கே மனது லேசானது, எங்கே இறுகியது? இறுகிய இடம்தான் பெரும்பாலும் விஷயம் உள்ள இடம். தப்பு நடந்திருந்தால் மன்னிப்பு கேளுங்கள், நாளைக்கு ஒரே ஒரு காரியத்துக்கு உதவி கேளுங்கள், முடிந்தது. தன்னைத் தானே திட்டிக்கொள்ளும் நேரமாக இதை ஆக்கிக்கொள்கிறவர்கள் உண்டு. அவர்கள் ஒரு மாதத்துக்கு நன்றியோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

ஆறாவது படி: மீதி நேரம்

அந்தப் பதினைந்து நிமிஷம் போக மற்ற நேரமெல்லாம் யாருடையது? பதினேழாம் நூற்றாண்டில் பாரிஸில் ஒரு கார்மேல் மடத்தில் சகோதரர் லாரன்ஸ் என்பவர் இருந்தார். போர்வீரராக இருந்து காலில் அடிபட்டவர். மடத்தில் கிடைத்த வேலை சமையற்கட்டு, இயல்பாகவே அவருக்குப் பிடிக்காத வேலை. பாத்திரங்களின் சத்தத்துக்கு நடுவிலும் ஆண்டவரோடு பேசிக்கொண்டே இருக்கப் பழகினார். 1691-ல் அவர் இறந்தபோது அறியப்பட்டது அந்த ஒரு பழக்கத்துக்காகத்தான். உங்களுக்குப் பிடிக்காத ஒரு வேலையைத் தேர்ந்தெடுங்கள். துணி மடிப்பதோ சிக்னலில் நிற்பதோ எதுவானாலும் சரி. அந்த வேலைக்கு மட்டும் இரண்டு வார்த்தை ஜெபத்தைக் கட்டிவிடுங்கள்.

ஏழாவது படி: பேசாமல் இருப்பவரிடம் போவது

இதுவரை சொன்னதெல்லாம் தனியாகச் செய்யக்கூடியவை. இந்தப் படிக்கு இன்னொருவர் வேண்டும், அதனால்தான் பலர் இங்கே நின்றுவிடுகிறார்கள். மத்தேயு 5:23, 24-ல் இயேசு சொல்வது தெளிவு: காணிக்கையைப் பலிபீடத்தின் முன் வைத்துவிட்டு, முதலில் சகோதரனோடு ஒப்புரவாகு. பாகப்பிரிவினைக்குப் பிறகு அண்ணன் தம்பி பேசாமல், ஒரே கோயிலில் எதிரெதிர் வரிசையில் உட்கார்ந்து, ஒரே திருவிருந்துக்கு வருவது நம் ஊர்களில் புதிதல்ல. ஜெபம் கூரையைத் தாண்டவில்லை என்று குறைப்படுகிறவர், அந்த எதிர் வரிசையை ஒருமுறை பார்க்கலாம்.

நேரே போய் நிற்க முடியாவிட்டால் சின்னதாக ஆரம்பியுங்கள். முதல் வாரம் அவர் பெயரைச் சொல்லி ஜெபியுங்கள், அவர் திருந்த வேண்டும் என்றல்ல, அவர் பிள்ளைகள் நன்றாக இருக்க வேண்டும் என்று. அடுத்து ஒரு வணக்கம், பண்டிகைக்கு ஒரு போன். ஆனால் மன்னிப்பது வேறு, அடிவாங்கத் திரும்பிப் போவது வேறு. அடிக்கிற கணவனிடம் "ஜெபித்துக்கொண்டு பொறுத்துப் போம்மா" என்று அனுப்பிவைக்கும் ஆலோசனையை இந்த வசனத்தின் பெயரில் யாரும் சொல்ல வேண்டாம்.

உபவாசமும் இங்கேதான் வருகிறது. ஏசாயா 58-ஐ வாசித்துவிட்டு உபவாசியுங்கள், சாப்பிடாத வேளையின் ஆகாரம் பசித்த ஒருவருக்குப் போக வேண்டும் என்பது அதன் சாரம். சுகர் மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் டாக்டரைக் கேட்காமல் உபவாசம் இருக்க வேண்டாம்.

வறட்சி வந்தால்

வரும். முதல் சில வாரம் இனிப்பாக இருந்துவிட்டு, ஒரு நாள் எல்லாம் மரத்துப்போகும். அப்போது நாம் எங்கேயோ தவறிவிட்டோம் என்று தோன்றும். அன்னை தெரசாவின் அந்தரங்கக் கடிதங்கள் 2007-ல் வெளியானபோது உலகமே திகைத்தது. கொல்கத்தாத் தெருக்களில் வேலை செய்த கிட்டத்தட்ட ஐம்பது வருஷமும் ஜெபத்தில் இருளையும் வெறுமையையும்தான் அதிகம் உணர்ந்திருக்கிறார். ஆனாலும் காலையில் எழுந்து ஜெபிப்பதை நிறுத்தவில்லை. உணர்ச்சி இல்லாத நாளில் செய்யும் பதினைந்து நிமிஷத்துக்கும் மதிப்பு உண்டு என்று நான் நம்புவதற்கு அவரும் ஒரு காரணம்.

ஆனால் எல்லா வறட்சியும் ஆவிக்குரியது அல்ல. 1 இராஜாக்கள் 19-ல் எலியா சூரைச்செடியின் கீழ் உட்கார்ந்து, போதும் கர்த்தாவே, என்னை எடுத்துக்கொள்ளும் என்கிறான். தூதன் வந்து பிரசங்கம் பண்ணவில்லை. தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் கொடுத்து, தூங்கவிட்டு, மறுபடியும் எழுப்பிச் சாப்பிடச் சொல்கிறான். ஆண்டவர் பேசுவதெல்லாம் அதற்கப்புறம்தான். முதலில் நன்றாகத் தூங்குகிறீர்களா, வேளைக்குச் சாப்பிடுகிறீர்களா என்று பாருங்கள். இரண்டு வாரத்துக்கு மேல் எதிலும் மனம் ஒட்டாமல், தூக்கம் கெட்டு, செத்துவிடலாம் என்ற நினைப்பு வந்தால் அது விசுவாசக் குறைவு அல்ல, மனநல மருத்துவரைப் பார்க்க வேண்டிய நிலை. இந்தியாவில் 14416 என்ற அரசு டெலி மானஸ் எண்ணை இலவசமாக அழைக்கலாம். மாத்திரையும் ஜெபமும் ஒன்றுக்கொன்று எதிரி இல்லை.

கூட நடக்க ஒருவர்

மாதம் ஒருமுறை உட்கார்ந்து பேச ஒருவர் வேண்டும். போதகராகவோ சாமியாராகவோதான் இருக்க வேண்டும் என்றில்லை. சபையில் அதிகம் பேசாமல், அதிகம் கேட்கிற ஒரு வயதான அக்காவோ அண்ணனோ இருப்பார்கள். அவர்களிடம் "என் ஜெப வாழ்க்கையைப் பற்றி உங்களோடு பேசலாமா" என்று கேட்டுப் பாருங்கள். சிலரிடமிருந்து விலகியே இருங்கள். பேச்சு காணிக்கையில் போய் முடிகிறவர், வீட்டாரோடு தொடர்பை வெட்டச் சொல்பவர், "இது நமக்குள் இருக்கட்டும்" என்று அடிக்கடி சொல்பவர், உங்கள் வாழ்க்கையின் ஒவ்வொரு முடிவுக்கும் தனக்கு வெளிப்பாடு வந்ததாகச் சொல்பவர். எவ்வளவு பெரிய ஊழியக்காரராக இருந்தாலும் சரி.

எல்லாவற்றையும் ஒரே நாளில் தொடங்க வேண்டாம். முதல் மாதம் காலைப் பதினைந்து நிமிஷமும் இரவு ஆராய்வும் மட்டும். இரண்டாம் மாதம் வாராந்திரப் புலம்பலைச் சேர்த்துக்கொள்ளுங்கள். எதிர் வரிசைக்காரருக்காக ஜெபிப்பதை மட்டும் தள்ளிப்போடாமல் இப்போதே தொடங்கலாம். ஒரு நாள் விட்டுப்போனால் மறுநாள் இரட்டிப்பாகச் செய்யாமல், விட்ட இடத்திலிருந்து தொடருங்கள். மாற்கு முடிய நாளுக்கு ஒரு சம்பவமாக ஏறக்குறைய மூன்று மாதம் ஆகும். அதன் பின் லூக்காவும், அதே ஆசிரியர் எழுதிய அப்போஸ்தலர் நடபடிகளும். இடையில் மனம் சோர்ந்தால் பவுல் காவலில் இருந்தபடி எழுதிய பிலிப்பியர் நிருபம், நாலே அதிகாரம். லேவியராகமத்தை அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம்.